பிடரியில் ஒரு கை

கள்ளக்குறிச்சியில் புதிதாக மசாஜ் நிலையம் திறந்திருக்கிறார்கள். என் படபடப்புக்கு மாத்திரை எழுதின டாக்டர், "அங்கயும் போய்ப் பாருங்க, உடம்பு தளர்ந்தா மனசும் தளரும்" என்றார். போனேன். எண்ணெயில் புதினா வாசனை. மசாஜ் செய்த பெண் என் பிடரியில் கட்டைவிரலை வைத்து, "இன்னா மேடம், கல்லு மாதிரி இறுக்கி வெச்சுக்கினு இருக்கீங்க!" என்றாள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. நல்லவேளை, குப்புறப் படுத்திருந்தேன்.

அது நஸ்ரீன் கைவைக்கும் இடம்.

இளவயதில், மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பள்ளியில் நானும் அவளும் ஒன்றாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்தோம். திங்கள்கிழமை காலை பஸ் மலையேறத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிடும், செத்தே போய்விடுவேன் என்று தோன்றும். பஸ்ஸே சேர்ந்து அதைப் பித்தம் என்று முடிவு செய்திருந்தது. கண்டக்டர் ஒரு குரல் கொடுத்தால் போதும், நாலு பக்கமிருந்தும் எலுமிச்சம்பழம் வரும். முகர்ந்து முகர்ந்து மூக்கு எரிந்ததுதான் மிச்சம். எலுமிச்சை ஊறுகாயை இன்றுவரை நான் தொடுவதில்லை, போங்கள்! அப்பாவோ, "முடியலன்னா வேலைய வுட்டுட்டு வா, மாப்ள ரெடியா இருக்காரு" என்றார். வேலை போனால் என் கதை அத்தோடு முடிந்தது.

ஒருநாள் நஸ்ரீன் பழத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "பித்தமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. நீ பயந்துக்கினு இருக்க. தலைய குனி. மூச்ச மெதுவா வுடு." பிடரியை அழுத்தி, தோள்வரை இறக்கி, மறுபடி அழுத்தி, ஒவ்வொரு வளைவிலும். வாய் மட்டும் நிற்காது. திருக்கோவிலூர்க் கடைத்தெரு, அவள் அண்ணன் ஜவுளிக்கடை, எந்தப் புடவை சாயம் போகும் என்று. பயம் ஒழிந்ததா என்றால், இல்லை. அவள் கைக்குக் கீழே அடங்கி உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் போய்ச்சேர அது போதும். வேலையும் தங்கியது.

போன மாதம் அவளுக்குப் பக்கவாதம். திருக்கோவிலூருக்கு ஓடினேன். வலது கை, அதே கை, போர்வைமேல் கிடந்தது. குழறலாக, "பயமா இருக்குடி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து பிடரியைப் பிடித்தேன். "மூச்ச மெதுவா வுடு" என்றேன். வாய்க்கு வந்த ஊர்க்கதையெல்லாம் சொன்னேன். மெல்ல அவள் தோள் தளர்ந்தது. என் பாவி நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

திரும்பும் பஸ் போவது சமவெளியில், மலை வளைவு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் வண்டி கிளம்பியதும், பழக்கதோஷம், தலை தானாகக் குனிந்துகொண்டது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பித்தமா?" என்றார்.

"ஆமாம்பா" என்றேன். இல்லை என்று சொல்ல, பக்கத்தில் ஆள் இல்லை.