சலவைக்காரர் மேல் போட்ட பழி

கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம்வரை நான் ஒல்லியாகத்தான் இருந்தேன். நாற்பதைத் தாண்டி, தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்தபடி செய்யும் வேலை கிடைத்த பிறகு தொப்பை போட்டுவிட்டது.

ஒருநாள் சலவையிலிருந்து வந்த காக்கிக் கோட்டைப் போட்டேன். பொத்தான் எட்டவில்லை. ஸ்டோரில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில், "சலவைக்கார மாரிமுத்து வெந்நீர்ல போட்டுச் சுருக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். பேச்சு தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பரவி, பலர் அவரிடம் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் பெட்டியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்தேன். ஒருமுறைகூடச் சலவைக்குப் போகாத கோட்டு. அதிலும் பொத்தான் எட்டவில்லை.

"இதையும் அவருதான் சுருக்கினாரா?" என்றாள் மனைவி.

மாரிமுத்துவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "உடம்பு வச்சிருச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, பொத்தானைத் தள்ளித் தச்சுக் குடுத்திருப்பேனே அண்ணே" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையே வீடு வீடாகப் போய், "கோட்டு சுருங்கல, நான்தான் பெருத்துட்டேன்" என்றேன். சிரித்தார்கள். இரண்டு வீட்டார் இன்னும் அவரிடம் துணி போடவில்லை.

இப்போதெல்லாம் தையற்காரர் அளவெடுக்கும்போது நான் மூச்சை இழுத்துப் பிடிப்பதில்லை.