சகலையின் கேசம்

பிறர் குறையைத் தன் நாவின் நுனிக்குக்கூட வரவிடாமல் காக்கும் அடக்கம், அறங்களுள் அரியது. அந்த அடக்கம் இப்போது மாடியறையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஓர் அட்டைப்பெட்டியைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓரங்களை மடித்து, ஒட்டுநாடாவை நகத்தால் நீவி, பெட்டியைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்க்கிறது. உள்ளே எதுவும் அசையக் கூடாது. அசைந்து ஒலி எழுந்தால் கூரியர் அலுவலகத்தில் எவராவது "உள்ள என்னங்க?" என்று கேட்டுவைப்பார்கள்.

கேட்காமலும் இருந்ததில்லை. எத்தனை பெரிய பெட்டியானாலும் எடையே இல்லாதது கண்டு, உள்ளே இருப்பது பஞ்சு என்று அவர்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். "வாங்க பஞ்சண்ணே, தராசுல வைக்கவா, இல்ல ஊதித் தள்ளிடவா?" என்பது அங்கே வாடிக்கையான கேலி. அவர் மறுத்ததில்லை. நாளடைவில் தெருவும் அவரைப் பஞ்சண்ணன் என்றே அழைக்கத் தொடங்கியது. தலையணை வியாபாரி என்று நம்பி விலை விசாரிப்பவர்களுக்கு, "இப்ப ஸ்டாக் இல்லீங்க" என்று பணிவாக விடைகொடுப்பார்.

பெட்டிக்குள் இருப்பது தலைமுடி. ஊரார் டோப்பா என்று சொல்லிச் சிரிக்கும் பொருள். அந்தச் சொல் வீட்டில் எவர் வாயிலிருந்து வந்தாலும் பஞ்சண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "முடின்னு சொல்லு. வாங்கறவருக்கு அது முடிதான்."

அவருடைய கடை இணையத்தில் மட்டுமே உண்டு. வாங்குபவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை; ஓர் எண் போதும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தலையில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒட்டுநாடாவை வரிவரியாக ஒட்டிக் கழற்றினால், தலையின் வடிவம் ஒரு கிண்ணம்போல் கையோடு வந்துவிடும். அந்தக் கிண்ணத்தையும், எஞ்சிய முடியில் ஒரு கற்றையையும் அனுப்பினால், அதே நிறத்தில், அதே சுருளில், வலைத்துணிமேல் இழை இழையாகக் கொக்கி ஊசியால் முடிந்து திருப்பி அனுப்புவார். புதிதாக வருகிற எவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?" பஞ்சண்ணனின் பதிலும் என்றும் ஒன்றுதான்: "எனக்கே தெரியாதுங்க."

தம் தலையில் மட்டும் அவர் எதையும் சூடிக்கொள்வதில்லை. வழுக்கை வெயிலில் வெண்கலச் செம்புபோல் மின்னும். "நான் வச்சுக்கிட்டேன்னு வைங்க, நம்மளைப் பாக்கறவன் அடுத்தவன் தலையையும் உத்துப் பாக்க ஆரம்பிச்சுடுவான்" என்பார். ஆனால் அவர் உற்றுப் பார்க்காத தலை இல்லை. மனிதர்களை அவர் நெற்றிக்கு மேலேதான் அடையாளம் வைத்திருக்கிறார். முகம் மறந்துபோகும், சுழி மறக்காது.

இவ்வளவு அடக்கம் வாய்த்தவருக்கு ஓரிடத்தில் மட்டும் வயிறு எரியும். அந்த இடம், மனைவியின் தங்கை கணவரின் தலை.

சகலை கூந்தல் எண்ணெய் விற்கிறார், அவரும் இணையத்தில்தான். ஆனால் அவர் கடைக்குக் கதவே கிடையாது, எல்லாம் மேடை. காலையில் ஒரு ரீல்ஸ், மாலையில் ஒரு ரீல்ஸ். தோளில் புரளும் கேசத்தைக் கார்மேகம்போல் ஒருமுறை சிலுப்பி, "வேர்லேர்ந்து வர்ற நம்பிக்கை" என்று புன்னகைத்தால், கீழே இதயக் குறிகள் மழைத்துளிபோல் பொழியும். உறவுக்கார வீட்டு விசேஷங்களில் இளம்பெண்கள் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள நிற்பார்கள். பஞ்சண்ணனிடம் செல்போனைக் கொடுத்து, "அங்கிள், கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?" என்பார்கள். அவரும் எடுத்துக் கொடுப்பார். சற்றே கோணலாக.

சகலை அன்பாகக் கொடுத்தனுப்பும் எண்ணெய்க் குப்பிகள் பஞ்சண்ணன் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. மனைவி அதைத்தான் தேய்த்துக்கொள்கிறாள். தம் தலையணைக்கு அருகிலேயே சகலையின் மணம் கமழத் துயில வேண்டிய நிலை எந்தப் பகைவனுக்கும் வரலாகாது.

அந்த ரீல்ஸ் ஒவ்வொன்றையும் குளியலறைக்குள் போய், ஒலியை அடக்கி, பஞ்சண்ணன் தவறாமல் பார்த்துவிடுவார். ஒருமுறை விரல் தவறி இதயக் குறியில் பட்டுவிட்டது. எடுத்தால் பொறாமை வெளிப்பட்டுவிடும், விட்டால் புகழ்ந்ததாகிவிடும். அரைநாள் தவித்துவிட்டு, அதை விட்டுவிட்டார். அன்று மாலை சகலையே போன் செய்து, "தேங்ஸ்ணே!" என்றார். அன்று பஞ்சண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் புதுப்புதுக் கடைகள் முளைத்து, பஞ்சண்ணனுக்கு வரும் ஆர்டர்கள் மெலிந்துகொண்டே வந்தன. இப்படியே போனால் வாடகைக்கு எடுத்த மாடியறையை விட்டுவிட வேண்டியதுதான். அதன்பின் என்ன செய்வது என்பதை மனைவி ஒருநாள் சொல்லியும் விட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் கிடங்குல பெட்டி ஒட்ட ஆள் கேக்கறாங்களாம். உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

பஞ்சண்ணன் கையிலிருந்த ஊசி நின்றது.

"கோவப்படாதீங்க. அவரு ஒரு பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சா ஊரே வாங்குது. நீங்க குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சதுதான் மிச்சம். இப்படி ஒரு கடை இருக்கறது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதானே நம்மகிட்ட வர்றாங்க?"

"வாங்கறவனுக்கு வெக்கம், சரி. விக்கிறவருக்கு என்ன வந்துச்சு?"

இந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்துவிட்டது. சகலையும் போனில் வந்தார்: "அண்ணே, கவலையை விடுங்க. ஞாயித்துக்கிழமை நானே கேமராவோட வந்து எடுத்துத் தர்றேன். ஒரே ஒரு கஸ்டமரை மட்டும் பிடிச்சு வைங்க. முதல்ல மொட்டை, அப்புறம் மாப்பிள்ளை! பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க."

பஞ்சண்ணன் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தயங்கித் தயங்கிச் செய்தி அனுப்பினார். ஆண்டுக்கணக்காக அவரிடமே வாங்கிய ஒருவர், "யார் நீங்க? ராங் நம்பர்" என்று எழுதினார். இன்னொருவர், "சார், என் வீட்டுக்காரிக்கே இது தெரியாது. நீங்க உலகத்துக்கே சொல்லச் சொல்றீங்க" என்றார். மூன்றாமவர் பதிலே சொல்லாமல் எண்ணைத் தடைசெய்துவிட்டார். ஓர் ஆசிரியர் மட்டும் பொறுமையாக விளக்கினார்: "நீங்க ரீல்ஸ் போட ஒரு பக்கம் ஆரம்பிச்சா நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன் சார். நான் எதைப் பாக்கறேன்னு அந்த ஆப்பே என் ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்டிக் குடுத்துடும். கதவைச் சாத்திக்கிட்டு நானாத் தேடினேன், நீங்க கிடைச்சீங்க. அப்படியே இருங்களேன்."

அறிவுக்கு அந்தச் சொல் எட்டியது. ஆனால் பொறாமை அறிவுக்கு முன்னே நடப்பது. யாரும் வராவிட்டால் தம் வழுக்கையையே மொட்டையாகக் காட்டி, தாமே மாப்பிள்ளையாகிவிடுவது என்று பஞ்சண்ணன் முடிவுகட்டினார். கண்ணாடி முன் சிலுப்பிக்கூடப் பார்த்தார். சிலுப்ப ஒன்றும் இல்லாததால் கழுத்து பிடித்துக்கொண்டது.

அந்த வாரம், புதிய எண் ஒன்றிடமிருந்து ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது.

பஞ்சண்ணன் முதலில் கற்றையை எடுத்து முகர்ந்தார். சாயம் ஏறிய முடியா அன்றா என்பதை மூக்கே சொல்லிவிடும். மூக்கு சொன்ன செய்தி வேறு: இது தம் மனைவியின் தலையணை. அந்த எண்ணெயைத்தான் ஊரே தேய்க்கிறதே என்று தம்மைத் தேற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் கட்டைவிரலை விட்டுத் தடவினார். வலப்புறம் ஒரு மேடு. பிடரியருகே ஒரு பள்ளம். உச்சியில் பேனாவால் வரைந்து காட்டியிருந்த இரட்டைச் சுழி. ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் பின்வரிசையில் அமர்ந்து, வயிறெரிய அவர் நோக்கிக்கொண்டிருந்த தலை அது. பேனாக் குறிகளின்படி, முன்பக்கம் முடி உண்டு. கேமராவுக்குத் தெரிகிற பக்கம். உச்சியில் வட்டமாக ஒரு வெறுமை. சில மாதங்களாகச் சகலை உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு திரிந்ததும், அதைப் புது ஸ்டைல் என்று எல்லோரும் மெச்சியதும் நினைவுக்கு வந்தன. பெயர் கேட்காத கடை இது ஒன்றுதான், அண்ணனுக்கே தெரியாது என்று துணிந்திருக்கிறார்.

செல்போனில் அந்த எண்ணின் கேள்வி காத்திருந்தது: "வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?"

பஞ்சண்ணன் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, மடியிலிருந்த ஊசிகள் சிதறச் சிரித்தார். அன்று இருமுறை சோறு கேட்டு வாங்கி உண்டார். மனைவி, "என்ன, ரெக்கை முளைச்ச மாதிரி திரியறீங்க?" என்று கேட்டதற்கும் சிரிப்பே விடை. ஒரு சொல் போதும். அந்த மேகம் கலைந்துவிடும். கை தானாகத் தட்டச்சு செய்தது: "எனக்கே தெரியாதுங்க." அனுப்பிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஞாயிறன்று சகலை வந்தார். கொண்டை, விளக்குத் தாங்கி, கேமரா, கூடவே கொழுந்தியாள். மாடியறையில், அச்சாக வைத்திருக்கும் மரத்தலைமேல், அந்த எண்ணுக்கான பாதி முடிந்த வேலை ஊசிகுத்தி நின்றது. அதை எடுத்து மறைத்துவைக்கப் பஞ்சண்ணன் மறந்தாரா, மனமில்லாமல் விட்டாரா என்பதை இறைவனே அறிவான்.

"அத்தான், இனிமே நீங்களும் ஃபேமஸ்!" என்று கொழுந்தியாள் கைதட்டினாள். மனைவி தங்கை கணவரைச் சுட்டிக்காட்டி, "அந்தத் தலையைப் பாருங்க, காடு மாதிரி! கொஞ்சம் பொறாமையா இல்ல உங்களுக்கு?" என்றாள்.

விடை பஞ்சண்ணனின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தேனாய் இனித்தது.

கொழுந்தியாள் அதற்குள் மரத்தலையருகே போய்விட்டாள். "அய்யோ, எவ்வளவு அழகு! ஏங்க, இங்க வாங்களேன். இது அப்படியே உங்க முடி மாதிரியே இருக்கு. இதையே வச்சு எடுக்கலாமா?"

விளக்குத் தாங்கியைப் பொருத்திக்கொண்டிருந்த சகலையின் விரல்கள் திருகாணியைத் தவறவிட்டன. அது உருண்டோடிச் சுவரோரம் நின்றது. எடுக்க அவர் குனியவில்லை. குனிந்தால் உச்சி தெரியும்.

பஞ்சண்ணன் எழுந்து, தோளிலிருந்த துண்டை மரத்தலையின்மேல் போர்த்தினார்.

"அது ஒண்ணுமில்லம்மா. உன் வீட்டுக்காரர் எண்ணெயைப் போட்டா யாரு முடியா இருந்தாலும் இப்படித்தான் பளபளக்கும்."

வாழ்வில் முதன்முறையாக அந்த எண்ணெயை அவர் புகழ்ந்தார். வேப்பங்காயைக் கடித்தவர் முகம்போல் ஆயிற்று முகம்.

"யாரோடதுண்ணே அது?" என்றார் சகலை.

"எனக்கே தெரியாது சகலை."

அந்த நான்கு கண்களும் ஒருகணம் சந்தித்துப் பிரிந்தன. பெண்கள் இருவரும் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விளக்கை மடிச்சுடுங்க" என்றார் பஞ்சண்ணன். "உங்க பொருளை வாங்கறவன் நாலு பேருக்குக் காட்டுவான்; உங்களுக்கு இது சரி. என் பொருளை வாங்கினவன் நாலு பேருக்குத் தெரிஞ்சா, நான் வேலை தெரியாதவன்னு அர்த்தம். தேடி வர்றவன் கண்ணுல பட்டாப் போதும். வழியில போறவனை நிறுத்திக் காட்ட வேணாம்."

"அப்போ இந்த மாடியறை?" என்றாள் மனைவி.

"கேக்கக் கூச்சப்படற கேள்வியெல்லாம் எனக்குத் தெரியும். வேர்த்தா நழுவுமா, காத்தடிச்சா பறக்குமா, பிள்ளை பிடிச்சு இழுத்தா வந்துடுமா. எல்லாத்துக்கும் பதிலை நம்ம கடைப் பக்கத்துலயே எழுதி வைக்கிறேன். தேடறவன் அங்க வந்து சேரட்டும்."

"நீங்க உருப்பட மாட்டீங்க."

"இல்ல மதினி," என்றார் சகலை, திருகாணியைக் கால்விரலால் தம் பக்கம் இழுத்தபடி, "அண்ணன் சொல்றதுதான் சரி."

பஞ்சண்ணன் எழுதி வைத்தார். மெல்ல மெல்ல, கதவைச் சாத்திக்கொண்டு தேடுகிறவர்கள் வந்தார்கள். மாடியறை இன்றும் அவர் கையில்தான் இருக்கிறது. சகலையின் முடியும் இழை இழையாய் முடிந்து, கூரியரில் போயிற்று. வேலையில் ஒரு குறையும் வைக்க அவர் கை ஒப்பவில்லை. ஆனால் கடைசி நாளில் உச்சிச் சுழிக்கருகே, கரிய இழைகளுக்கு நடுவே, ஒரே ஒரு வெள்ளை முடியைத் தேர்ந்தெடுத்து முடிந்தார். "வயசுக்கு ஒண்ணு இருந்தாத்தான் நிஜம் மாதிரி இருக்கும்" என்று மரத்தலையிடம் சொன்னார். அது தொழில் நுணுக்கம்தான். முழுக்க முழுக்க அதுதானா என்று கேட்டால், மரத்தலை பேசாது.

சகலை கொண்டையை அவிழ்த்துவிட்டார். இப்போதெல்லாம் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுகூடச் சிலுப்புகிறார். இதயக் குறிகள் முன்னைவிடப் பொழிகின்றன. எல்லாம் பஞ்சண்ணனின் கைவேலைக்கு. அதுதான் இப்போதைய எரிச்சல். தம் கைவேலையின்மேல் தாமே பொறாமை கொண்ட தொழிலாளியை உலகம் இதற்குமுன் கண்டிருக்குமா என்பது ஐயம்.

பழுப்புக் காகிதம் சுற்றி முடிந்தது. அந்த எண்ணுக்குப் போகும் இரண்டாவது பெட்டி இது. பஞ்சண்ணன் அதை ஓரமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, செல்போனை எடுத்து, இன்று காலை வந்த ரீல்ஸைத் திறக்கிறார். கேசம் சிலுப்பப்படும் கணத்தில் படத்தை நிறுத்துகிறார். இரு விரலால் விரித்துப் பெரிதாக்குகிறார். அதோ, சுழிக்கருகே ஒரு வெள்ளிக்கோடு. நெடுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, இம்முறை விரல் தவறாமல், இதயக் குறியைத் தொடுகிறார்.

அவர் மனை வாழ்க. அம்மனையில் விளக்கும் உணவும் நகையொலியும் என்றும் குறையாதிருக்க இறைவன் அருள்க. சகலை வீட்டில் உள்ளதைவிட, ஓர் இழையேனும் கூடுதலாக.