ஜீரோ அக்காவுக்கு ஓர் இணைப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்த மேசையிலிருந்தும் தொலைபேசியை எடுத்துப் பூஜ்யத்தை அழுத்தினால் ஒரு குரல் வரும். யார் வேண்டும் என்று கேட்டு, "லைன்லயே இருங்க" என்று சொல்லி, இணைத்துவிட்டுப் போய்விடும். அந்தக் குரலுக்கு உரியவளைத்தான் நாங்கள் ஜீரோ அக்கா என்போம். யாரோ கேலியாக வைத்த பெயர். அக்காவுக்கு அதில் வருத்தமே கிடையாது. "ஜீரோ இல்லன்னா உங்க ஒருத்தருக்கும் வெளியுலகமே இல்ல, ஞாபகம் வச்சுக்கோங்க" என்பாள்.

நான் தபால் பிரிவு. பிரிவு என்று பெயர்தான் பெரிது, ஆள் நான் ஒருத்திதான். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி என் மேசையைத் தூக்கி அக்காவின் அறையில் போட்டுவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை. கூரை சரிந்து வரும் மூலையில் நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். ஒரு பக்கம் அக்காவின் இணைப்புப் பலகையும் ஹெட்போனும், மறுபக்கம் என் உறைகளும் பசையும். ஒருத்தியின் வாய்க்கு ஓய்வில்லை, இன்னொருத்தியின் கைக்கு ஓய்வில்லை என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அவள் என்னை "தபாலு" என்று கூப்பிடுவாள்.

தேர்வு முடிவு வரும் நாள்தான் அக்காவுக்குப் போர்க்களம். இணையதளம் படுத்துவிடும். தேர்வுப் பிரிவில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஊரில் உள்ள அத்தனை பெற்றோரும் அக்காவைத்தான் பிடித்து உலுக்குவார்கள். காது புளிக்கத் திட்டு வாங்குவாள், ஒரு வாய் டீ குடிப்பாள், அடுத்த அழைப்பை எடுப்பாள். "என்னையா திட்டுறாங்க? பயத்தைத் திட்டுறாங்க" என்று அவர்களுக்கே பரிந்து பேசுவாள். எனக்கானால் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், முடிவு நாளில் ஒரு பெண் பேசினாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. தேர்வுப் பிரிவு வேண்டும் என்றாள். அக்கா நாலு தடவை முயன்றும் லைன் கிடைக்கவில்லை. அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "பரவால்லக்கா, விடுங்க. இனிமே யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எங்கள் பலகை பழசு. அழைத்தவரின் எண்ணைக் காட்டாது. பெயரையும் அக்கா கேட்டிருக்கவில்லை. பெயர் கேட்பது அவள் வேலையும் இல்லை. அந்தப் பெண் நிஜமாகவே சலித்துப்போய்ச் சொன்னாளா, வேறு எதையாவது மனதில் வைத்துச் சொன்னாளா, அவள் இப்போது எங்கே இருக்கிறாள், எதுவும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து அக்கா மாறிப்போனாள். மணி அடித்தால் கை நடுங்கும். உடனே எடுப்பவள், எடுக்கலாமா வேண்டாமா என்று பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் செல்போனைச் சத்தமில்லாமல் வைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாளாம். "அம்மா என் போனையே எடுக்க மாட்டேங்குறாங்க ஆன்ட்டி, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அவள் மகள் என்னிடம் வந்து கேட்டாள். பல்கலைக்கழக மருந்தகத்து டாக்டர், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் ஒழுங்காகச் சாப்பிட்டாள் பாவம்.

அடுத்த முடிவு நாளுக்கு இன்னும் சில மாதம் இருந்தது. அழைப்புகள் தவறுகின்றன என்று ஒரு துறைத்தலைவர் புகார் செய்தார். நிர்வாகப் பிரிவின் சூப்பிரண்டு படியிறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பிரச்சினை என்று ஒன்று வந்தால் அதைத் தீர்ப்பதைவிட இன்னொரு அறைக்கு அனுப்பிவைப்பதில் கெட்டிக்காரர்.

"ஸ்டோருக்கு மாத்திடறேம்மா. அங்க போன் தொல்லையே இல்ல."

"போன் எனக்குத் தொல்லை இல்ல சார். போன்தான் என் வேலை" என்றாள் அக்கா. "ரிசல்ட் வரைக்கும் டைம் குடுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டு போனார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தபாலு, நான் யார்கிட்டயாவது பேசணும். கோச்சுக்காத, உன்கிட்ட இல்ல. இதுக்குன்னே படிச்சவங்ககிட்ட."

அப்படி ஒருவர் எங்கள் வளாகத்திலேயே இருந்தார். நூலகத்துக்குப் பின்னால் மனநல ஆலோசனை மையம். தயங்கித் தயங்கிப் பேசும் மாணவர்களை எத்தனையோ முறை அக்காவே அங்கு இணைத்திருக்கிறாள். பேசுகிறவர்களின் குரலை வைத்தே, கேட்காமலே கூட இணைப்பாள். இப்போது தனக்காக அந்த எண்ணை அழுத்தினாள். எடுத்துவிட்டார்கள். அக்கா வாயைத் திறந்தாள். இத்தனை வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"வணக்கம் மேடம், ஒருத்தங்க உங்ககூடப் பேசணுமாம், லைன் குடுக்கறேன்."

குடுக்க லைனில் யார் இருக்கிறார்கள்? அக்கா ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் "ஹலோ, சொல்லுங்க, கேக்குது, சொல்லுங்க" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. 'நான்தான்' என்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில் அவர்கள் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே திரும்ப அழைத்து, யார் அது என்று கேட்டார்கள். "லைன் கட்டாயிடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். வேறு என்ன செய்ய?

அழுது முடித்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சூப்பிரண்டிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். ஆலோசனை மையத்துக்குப் போக அனுமதி வேண்டும் என்றாள்.

அவர் சுற்றறிக்கையைத் தேடி எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மாணவர்கள், ஆசிரியர்கள்னு போட்டிருக்கும்மா. நாமெல்லாம் ஆசிரியர் அல்லாத பணியாளர்கள். நமக்கு மருந்தகம்."

இந்த 'அல்லாத' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அலுவலர், காவலாளி, ஓட்டுநர், ஆய்வக உதவியாளர், தோட்டக்காரர் எல்லோரும் ஒரே 'அல்லாத'வுக்குள் அடக்கம். கத்திரிக்காயைப் 'பூசணி அல்லாத காய்' என்று யாராவது விற்பார்களா? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"நான் யாரு இல்லன்னு எழுதியிருக்கீங்க சார். நான் யாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா ஆலோசனை மையத்துக்குப் போய், வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வரவேற்பில் இருந்த பெண் மாணவர் எண்ணைக் கேட்டாள். இல்லை என்றாள் அக்கா. ஆசிரியரா? அதுவும் இல்லை.

"அப்ப உங்களை உள்ள அனுப்ப முடியாதுங்களே."

"சரிம்மா. உக்காந்திருக்கேன்."

இடைவேளை முடிந்ததும் எழுந்து வந்துவிட்டாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை, பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. மதியம் பலகையைப் பார்த்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டேன். முதல் நாளே துணைவேந்தரைக் கேண்டீனுக்கு இணைத்தேன். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் குழம்பியிருக்கிறார்கள்.

ஒருநாள் ஆலோசகரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வரவேற்புப் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் குரலைக் கேட்டு நின்றுவிட்டாராம்.

"நீங்க ஆபரேட்டர் தானே? அன்னிக்கு யாரோ பேசணும்னு சொல்லி, யாருமே பேசலையே?"

"ஆமா மேடம்."

"யாரு அது?"

"நான்தான் மேடம்" என்றாளாம்.

"விதியைப் பத்தி நான் மேல பேசிக்கிறேன். நீங்க உள்ள வாங்க."

மேலே பேசுவது லேசில் முடியவில்லை. கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அக்கா வாரம் தவறாமல் உள்ளேயும் போனாள், சூப்பிரண்டு மேசைக்கும் போனாள். ஒருவழியாக 'ஆசிரியர் அல்லாத பணியாளர்களும்' என்று ஒரு வரி சேர்த்து வரைவு வந்தது. அக்கா அதையும் திருப்பி அனுப்பினாள். "அனைத்துப் பணியாளர்களும்னு போடுங்க சார். ஒரு சொல் மிச்சமாகும்." அவளைவிட்டால் போதும் என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சுற்றறிக்கையை ஒவ்வொரு துறைக்கும் உறையிலிட்டு ஒட்டியவள் நான். அவ்வளவு அழுத்தி நான் எந்த உறையையும் ஒட்டியதில்லை.

அந்த அறைக்குள் என்ன பேசினாள் என்று அக்கா சொல்வதில்லை, நானும் குடைவதில்லை. ஒரே ஒரு தடவை அவளாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருப்பான்னு மேடம் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன் தபாலு. சொல்லல. நமக்குத் தெரியாதுன்னுதான் சொன்னாங்க. தெரியாததை வச்சுக்கிட்டே போன் எடுக்கப் பழகணுமாம்."

"பழகிட்டீங்களாக்கா?"

"இல்ல. ஆனா எடுக்கிறேன்."

முடிவு நாள் வந்தது. வழக்கம்போல இணையதளம் படுத்தது. பலகை முழுக்க விளக்குகள் துடித்தன. அக்கா நடுங்கும் கையாலேயே எடுத்தாள். காலை முழுக்க எடுத்தாள். அழுத ஒரு பையனிடம் அவன் பெயரைக் கேட்டு, தேர்வுப் பிரிவு எடுக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். மதியம் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

"இன்னிக்கு எனக்கு மேடம்கிட்ட நேரம். போய்ட்டு வந்துடறேன்."

"இன்னிக்கேவாக்கா? யாராவது கேட்டா பல் டாக்டர்னு சொல்லிடட்டுமா?"

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உண்மையையே சொல்லு."

அவள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் சூப்பிரண்டின் விளக்கு எரிந்தது.

"ஆபரேட்டர் எங்கம்மா?"

"கவுன்சிலிங் போயிருக்காங்க சார்."

"ரிசல்ட் அன்னிக்கா?"

"ரிசல்ட் அன்னிக்குத்தான் சார் தேவைப்படுது."

கத்தப்போகிறார் என்று ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கத்தவில்லை. நான் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் பேசினார்.

"ஏம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அங்க போகணும்னா என்ன சொல்லணும்?"

மற்ற விளக்குகள் எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். யாருக்குன்னு கேப்பாங்க, அதை மட்டும் சொன்னாப் போதும்."

அவர் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத்தாம்மா."