எண்ணெய்த் தலையும் இரண்டாவது கியரும்

அரை மணி நேரமாக பைக்கில் உட்கார்ந்து கியர் லீவரை மிதிக்கிறேன். கியர் பாக்ஸைப் பிரித்துத் திரும்பப் பூட்டியதிலிருந்து இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது. கையெல்லாம் கியர் ஆயில் வாடை. வெளியே சாரல்.

சின்ன வயசில் இதே வாடையோடு நல்லெண்ணெயும் மணத்த ஒரு காலை உண்டு. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகுமுன் வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவோம். அம்மாவும் நானும் எண்ணெய் வடிய நிற்கிறோம். அப்பா, அப்போதுதான் பூட்டி முடித்த வண்டியில் உட்கார்ந்து, வாசலை மறித்தபடி கிளட்சைப் பிடித்து மிதிக்கிறார்.

"அஞ்சே நிமிஷம்," என்றார். எண்ணெய் என் கண்ணில் இறங்கி எரிந்தது. "தப்பாப் பூட்டிட்டேன் போல. மறுபடி பிரிக்கணும்," என்றார், லீவரிலிருந்து காலை எடுக்காமலே.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாங்க பஸ்ல போறோம், வழிய விடுங்க!" என்று வண்டியைப் பின்னாலிருந்து ஒரே தள்ளு. சக்கரம் உருண்டது. டக்கென்று இரண்டாவது கியர் விழுந்தது. பூட்டியதில் தப்பே இல்லை. சக்கரம் சுற்றினால்தான் உள்ளே பல்லும் பள்ளமும் நேர்ப்படும்.

ஐந்தருவியில் கண்டவரிடமெல்லாம், "நாந்தான் சரி பண்ணுனேன்," என்றார் அப்பா. அதற்கப்புறம் எப்போது பூட்டினாலும், மூச்சிரைக்கத் தானே தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அலைவார்.

இப்போது நானும் மறுபடி பிரிக்க ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அதைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினேன்: "அம்மா, வண்டிய லேசாத் தள்ளேன்."

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒங்கப்பா சாகுத வரைக்கும் ஒருநாள்கூட என்னைய இப்படிக் கூப்பிடலயேலே," என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள்.