பின்வரிசைத் துளசி

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையின் கேன்டீனில் காலைத் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு தினேஸ்வரியின் காதில் விழுந்தது. சொன்னவள் சரளா, பக்கத்து மெஷின்காரி. அவளுக்கு அவள் நாத்தனார் சொன்னதாம். நாத்தனாருக்குப் பள்ளி வேன் ஓட்டுபவர் சொன்னதாம்.

"கேளுக்கா, எங்க நாத்தனார் புள்ள படிக்கிற தமிழ்ப்பள்ளி இருக்குல்ல, அங்க ஆறாம் ஆண்டுப் புள்ளைங்கள ஒருத்தி படம் புடிச்சிருக்கா. முன்னால உக்காந்திருக்கிற, கார்ல வர்ற தாமான் வீட்டுப் புள்ளைங்க பளிச்சுன்னு தெரியுதுங்களாம். பின்னால நிக்கிற தோட்டத்துப் புள்ளைங்க மூஞ்சி மட்டும் தண்ணியில கரைச்ச மாதிரியாம். வேணும்னே அழிச்சிருக்கா லா!"

"வேணும்னேவா?"

"பின்னே? பெரிய கேமராவாம். அதுல அப்படியெல்லாம் செய்யலாமாம். பாவம்லா அந்தப் புள்ளைங்க."

"ச்சீ, என்ன பொம்பள அவ!" என்றாள் தினேஸ்வரி.

வாயிலிருந்து வந்துவிட்டது. சரளாவும் தலையாட்டினாள். அந்தப் பொம்பளை தான்தான் என்று சொல்ல அந்த ஒரு நொடி இருந்தது. தினேஸ்வரி தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள். மணி அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடிப்பது தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் செம்பனை நடவுக்கு மாறியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள், லாரி ஓட்டும் கனகராஜைக் கட்டினாள், இருபது வருடம் ஓடியே போய்விட்டது. அவளுடைய ஆறாம் ஆண்டுப் படம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் அவள் இருப்பதற்குச் சாட்சி ஒரு நெற்றியும் ஒரு ரிப்பனும்தான். முன்னால் நின்ற பையனின் தலை மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது. பிள்ளைகளைப் படம் பிடிக்க வேண்டும் என்று அவள் கிளம்பியதற்கு அந்த நெற்றியும் ஒரு காரணம். இதை அவள் கனகராஜிடம்கூடச் சொன்னதில்லை.

கேமரா வாங்கப் பழைய டவுனில் அப்துல் ஹலீம் கடைக்குத்தான் போனாள். கைமாறிய கேமராக்களைத் துடைத்து, சோதித்து விற்பவர். அவளை உட்காரவைத்து, என்னத்தைப் படம் பிடிக்கப்போகிறாள் என்று முதலில் கேட்டார்.

"புள்ளைங்கள பாய்."

"புள்ளைங்க ஒரு எடத்துல நிக்காதுங்க. டக்குனு முகத்தைப் புடிக்கிற கேமரா பாடி வேணும், சத்தம் போடாத ஷட்டர் வேணும். லென்ஸுக்கு இந்த ஜூம் போதும். கிட்டவும் போலாம், தூரவும் போலாம். நீங்க குனிஞ்சு அதுங்க கண்ணு மட்டத்துக்கு வந்துடணும், அவ்வளவுதான்."

தினேஸ்வரியின் கண் அந்த ஜூமில் நிற்கவில்லை. கண்ணாடி அலமாரியில் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருந்தது. முன்கண்ணாடி தேநீர்க் கோப்பையின் வாய் அகலம். கல்யாண மண்டபத்தில் ஒரு போட்டோக்காரர் அதை மாட்டிக்கொண்டு வந்தபோது சபையே வழிவிட்டதை அவள் பார்த்திருந்தாள்.

"அது ஒத்தப் புள்ளைக்கு" என்றார் ஹலீம். "லென்ஸ் வாய ஒன்னு புள்ளி நாலுல அகலமா தொறந்து வச்சா ஒரு கண்ணு தெளிவா இருக்கும், காது கரைஞ்சிடும். அழகுதான். கூட்டத்துக்கு எடுத்தீங்கன்னா எட்டுக்குச் சுருக்கிடணும். மறந்தீங்க, பின்னால நிக்கிறவங்க போச்சு."

"தெரியும் பாய்."

தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் அந்த லென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கனகராஜ் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"என்னடி இது, பூசணிக்கா வாங்கிட்டு வந்திருக்க?"

"பூசணிக்காயில உங்க மூஞ்சி அழகா விழுமா?"

"எம் மூஞ்சிக்கு இதவிடப் பெருசு வேணும் லா" என்றான் அவன். அன்று இருவரும் சிரித்தார்கள்.

மூன்று மாதம் அண்டை வீட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே எடுத்தாள். இமை இமையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளி ஆசிரியை கூப்பிட்டார்; ஒரு நாள் லீவு போட்டுப் போனாள். ஆறாம் ஆண்டில் மொத்தமே பதிமூன்று பேர். தாமான் குடியிருப்பிலிருந்து பெற்றோர் காரில் கொண்டுவந்து விட்ட ஆறு பேரும் முன் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். பழைய தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் வேன் அன்று தாமதம். இறங்கி ஓடிவந்த ஏழு பேரையும் ஆசிரியை பின்னால் நடைபாதைப் படியில் ஏற்றினார். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தினேஸ்வரி அதைக் கவனித்தாள். கவனித்தும் இடம் மாற்றி நிற்கச் சொல்லவில்லை. பெரிய லென்ஸை மாட்டியிருந்தாள், ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு என்ற எண் நினைவுக்கே வரவில்லை.

பின்வரிசையின் ஓரத்தில் உயரமான பெண் ஒருத்தி எக்கி நின்றாள். பெயர் துளசி.

"அக்கா, நான் தெரியுறேனா?"

"நல்லாத் தெரியுற கண்ணு" என்றாள் தினேஸ்வரி, கேமராவில் பார்க்காமலே.

சரளா சொன்ன அன்று மாலை, வேலை முடிந்து வந்ததும் கணினியில் அந்தப் படத்தை முதன்முறையாகப் பெரிதாக்கினாள். கேன்டீன் பேச்சில் தோட்டத்துப் பிள்ளைகள் என்பது உண்மை, கரைந்தது உண்மை. வேணும்னே என்பது மட்டும்தான் பொய். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆறுதல் தேடினாள்.

மறுநாள் ஹலீமின் கடைக்குப் போனாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தெரியும்னு சொன்னீங்களே" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

"சரி பண்ண முடியுமா பாய்?"

"உள்ள விழாத மூஞ்சிய எங்கேருந்து எடுக்கிறது? இப்ப ஏஐ செயலி வந்திருக்கு, வரைஞ்சு குடுக்கும். அது வரையற மூஞ்சி வேற யாரோட மூஞ்சியாவும் இருக்கலாம். வேணாம்மா. திரும்பப் போய் எடுங்க."

திரும்பப் போய் எடுக்க முடியாது. பள்ளியாண்டு முடிந்து பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். லயங்களை இடிக்கப்போவதால் துளசியின் தாய் புனிதா மகளோடு ஜொகூருக்கே வேலை தேடிப் போய்விட்டாள். ஆசிரியையிடம் இதையெல்லாம் கேட்டுப் புனிதாவின் கைப்பேசி எண்ணை வாங்கியபோது அவர் இன்னொன்றும் சொன்னார். புனிதாவிடம் பழைய படங்கள் இருந்த கைப்பேசி வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். மகள் தோழிகளோடு நிற்கும் படம் இது ஒன்றுதானாம்.

தினேஸ்வரி வீட்டுக்கு வந்து அந்தச் செயலியை இறக்கினாள். பின்வரிசையில் ஏழு முகங்கள் முளைத்தன. இரண்டு கண், நேர் மூக்கு, வரிசைப் பற்கள். துளசியின் இடத்தில் நின்ற பெண் அழகாக இருந்தாள். துளசியின் புருவம் ஒன்று மற்றதைவிட மேலே தூக்கியிருக்கும் என்பது தினேஸ்வரிக்கு நன்றாக நினைவிருந்தது. திரையில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. தெரிந்தேதான் புனிதாவுக்கு அனுப்பினாள். "தங்கச்சி, தெளிவான பிரதி ஒண்ணு கெடச்சிருக்கு" என்று கூடவே ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் குரலாக வந்தது. பின்னால் எங்கோ தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா, நன்றிக்கா, மறக்காம அனுப்பிச்சீங்களே. படம் நல்லா இருக்கு. ஓரத்துல நிக்கிற புள்ள யாருக்கா? துளசிகிட்ட காமிச்சேன். அவளும் யாருன்னு தெரியலன்னுட்டா. அன்னைக்கு நான் நின்னேனே, அக்கா நல்லாத் தெரியுறேன்னு சொன்னாங்களேன்னு கேக்குறா. வேற படத்துல இருக்காளா, கொஞ்சம் பாருங்கக்கா."

திட்டியிருந்தால் தேவலாம். கனகராஜ் சோற்றைப் பிசைந்தபடியே, "யாருடி?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. படத்தை அவன் முன்னால் வைத்தாள். நடந்ததைக் கேன்டீனிலிருந்து சொன்னாள், "ச்சீ" என்று தான் சொன்னதையும் சேர்த்து. கேட்டு முடித்ததும் அவன், "ஜொகூர் லோடு வியாழக்கிழமை இருக்கு. வாரியா?" என்றான்.

அவள் அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தாள். பெரிய லென்ஸைக் கழற்றி மூடினாள். கேமராவோடு வந்திருந்த, ஒரு நாளும் மாட்டாத சின்ன ஜூமை மாட்டி, எட்டில் வைத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். தங்கச்சி, அது துளசி இல்ல. நாந்தான் அவளக் கரைச்சேன், வேணும்னே இல்ல. பொய் மூஞ்சி அனுப்பினது மட்டும் வேணும்னேதான். ஒரு நாள் குடு, வந்து எடுத்துத் தாரேன்.

புனிதாவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. புனிதா மெஷின் சத்தத்தில் இருக்கிறாளோ, துளசியின் கையில் கைப்பேசி இருக்கிறதோ, பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்திருக்கிறார்களோ. கனகராஜ் சோற்றைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.