இத்தாத் திரையும் என் கிரேக்கமும்

செத்த மொழி படிப்பவனை உயிரோடு இருப்பவர்கள் அதிகம் தேடி வருவதில்லை. கீழே எழுதுவதை நானே வருடக்கணக்காகச் சந்தேகித்து வருகிறேன். ஏட்டோடு மாரடிக்கும் உங்களுக்காவது என் நிலை விளங்கும்.

வாப்பா

பழைய கிரேக்கப் போர்க்காவியம் எழுதி வைத்ததல்ல. பாடகர்கள் கேட்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பாடியது. இதுதான் என் ஆய்வு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் லீவுக்கு என் ஊரான மருதமுனை வந்தபோது வாப்பாவுக்கு இதை விளக்கினேன். தறியை நிறுத்தாமல் கேட்டார்.

"இதப் படிச்சி, ஒரு மையத்து வீட்டில செத்த ஆளுக்கு ஓதவாச்சும் ஏலுமா மகன்?"

இரண்டு வெள்ளிக்கிழமை

அந்த வாடைக்காலத்தில் ஒரு தோணி கவிழ்ந்து மூன்று பேர் மௌத்தானார்கள். அவர்களில் தோணியை நடத்தியவரின் மனைவி பாத்துமா ராத்தா கவி கட்டுவதில் பேர் போனவர். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் திரைக்குள் இருக்கும் இத்தாவில் அவர் இருந்ததால் அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்கக் கூடாது. திரைக்கு இப்பால் அவர் தம்பி இபுறாகீமோடு இருந்து, அவர் பாடியதை எழுதினேன்.

முதல் வெள்ளி, கடல் சரியில்லை என்று கணவர் மறுத்ததாகவும் தோணி முதலாளி ஏசி அனுப்பியதாகவும் பாடினார். அடுத்த வெள்ளி, கணவரே பிடிவாதமாகத் தோணியைத் தள்ளியதாகப் பாடினார். நான் தேடிய சான்று கையில் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அதையும் முதல் பாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதினேன். திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"ரெண்டையும் எழுதிட்டீங்களா தம்பி?"

பள்ளிவாசலில்

மற்ற இரண்டு வீட்டாரும் நியாயம் கேட்டார்கள். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் என்னையும் பாட்டு எழுதிய என் கொப்பியையும் அழைத்தார்கள். கவி என்பது சாட்சியல்ல, பாடும்போது மாறுவதுதான் அதன் இயல்பு, இரண்டும் சரி என்றேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். மூத்த மரைக்கார் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"படிச்ச ஆள் ரெண்டும் சரியெண்டா, நாங்க அவ கடைசியாச் சொன்னத்தத்தான் எடுப்பம்."

அன்றிலிருந்து ராத்தாவின் பிள்ளைகள் ஊரில் ரெண்டு பேரைக் கொன்றவரின் பிள்ளைகள். எனக்கு அந்த இரண்டு பாட்டையும் வைத்து எழுதிய கட்டுரையால் விரிவுரையாளர் பதவி கிடைத்தது.

இபுறாகீம்

நாலு வருடம் கழித்து அவனைக் கல்முனைச் சந்தையில் கண்டேன். இரண்டாம் வெள்ளி திரைக்கு அந்தப் பக்கம் முதலாளியின் மனைவி வந்து இருந்தாளாம். ராத்தா குடியிருந்த வளவும் அவர்களுடையதுதான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன்.

"நானும் அவர்ர தோணிக்குத்தானே தொழிலுக்குப் போன, சேர். நீங்களும் கேக்கல்லியே."

ராத்தா

கேட்பவர்களுக்கு ஏற்றபடி பாட்டு மாறும் என்று நாற்பது பக்கம் எழுதியவன், கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று பார்க்கவில்லை. மறுநாளே ராத்தா வீட்டுக்குப் போனேன். இப்போது திரை இல்லை. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அண்டைக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறெண்டு நான் கேட்டிருந்தா, செல்லியிருப்பீங்களா ராத்தா?"