வரிசையின் கடைசியில் நடந்த பரீதா டீச்சர்

அந்தச் செய்தி வந்தபோது நான் கல்முனையில் பஸ் முதலாளியின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பாடசாலைப் பெண்பிள்ளைகளின் இந்த வருட மலைப்பயணத்துக்கு பஸ் பேசப் போயிருந்தேன். "பரீதா டீச்சருக்கு வழமபோல டிரைவருக்குப் பின் சீற்றுத்தானே?" என்று அவர் கேட்டார். ஓம் சொல்ல வாயெடுத்தேன், போன் அடித்தது. டீச்சரின் மகள். "உம்மா மௌத்தாகிட்டா, மிஸ்."

இரண்டு கிழமைக் காய்ச்சல்தான், ஆளையே கொண்டுபோய்விட்டது. முந்தாநாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "பயணத்துக்குச் சம்பல நான்தான் இடிப்பன், வேற ஆருக்கிட்டயும் குடுத்திராதீங்க" என்றவர். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பரீதா டீச்சர் மனையியல் கற்பித்தவர், நான் புவியியல். பத்து வருடம் எங்கள் மேசைகள் எதிரெதிரே கிடந்தன. குட்டையான, பருத்த உருவம், சிரித்த முகம். இடைவேளை மணி அடித்தாலும் மழை அடித்தாலும் அவருடைய நடை ஒரே நடைதான். எனக்கோ பொறுமை சுட்டுப்போட்டாலும் வராது.

முதல் பயணத்துக்காகப் பெற்றோரைக் கூட்டிய நாள் நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் கடலும் வயலும்தான், அண்ணாந்து பார்க்க போன் டவரை விட்டால் ஒன்றுமில்லை. பிள்ளைகளை எல்ல என்ற மலையூருக்குப் பக்கத்து மலையொன்றில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. உம்மாமார் ஒரே பிடியாக நின்றார்கள். "பரீதா டீச்சர் கூடப் போறாவா? போனா அனுப்புறம். இல்லாட்டி வேணாம்." எல்லோரும் அவரைப் பார்த்தோம். டீச்சர் ஒரு கிளாஸ் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, "ஓம், போறன்" என்றார்.

பஸ் வெல்லவாயவைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவர் கண்ணை மூடித் தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தார். "டீச்சர்ர ஈமானப் பாருங்கடி" என்று பிள்ளைகள் கதைத்தார்கள். நானும் அது இறைநம்பிக்கை என்றுதான் நினைத்தேன்.

மலையடியில் சொன்னார்: "நீங்க முன்னால போங்க ஜெஸீமா. நான் கடைசியில வாறன். ஆராவது விடுபட்டா கூட்டிவர ஆள் வேணுமே." அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான் முன்னால், அவர் கடைசியில். நாங்கள் உச்சிக்குப் போய் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அவருடைய கறுப்புக் குடை தெரியும். சோற்றுப் பார்சல் எல்லாம் எங்கள் கையில், கருவாட்டுச் சம்பல் மட்டும் அவருடைய பையில். பசியோடு முப்பது பிள்ளைகள் குடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுசி ஆமை வேகத்தில் வருகிறாவே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஐந்தாவது பயணத்தில், இரண்டு பக்கமும் சரிவான ஓரிடத்தில் றிஸ்லா என்ற பிள்ளை அப்படியே உறைந்து நின்றுவிட்டாள். நான் திரும்பி வந்து, "என்ன புள்ள, பாலர் வகுப்பா நீ?" என்று அதட்டினேன். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அதற்குள் டீச்சர் வந்து சேர்ந்தார். அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயம்தான் மகள். அஞ்சு வருசமா பயம்."

"பொய் டீச்சர்."

"வல்லாஹி. இந்தா, கையப் பாரு."

அந்தக் கை நடுங்கியதை நானும் பார்த்தேன். "நடக்கத்தான் ஏலாது, இருந்து நகரலாமே" என்றார். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, இருந்த இருப்பிலேயே அரக்கி அரக்கி அந்த இடத்தைக் கடந்தார்கள். எழும்பியபோது இரண்டு அபாயாவிலும் பின்பக்கம் முழுக்கச் செம்மண். "கழுவினாப் போகும்" என்று டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

இறங்கும்போது கேட்டேன், ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று.

"சொன்னா உம்மாமார் அனுப்புவாங்களா? புள்ளைகள் மலையப் பாக்கோணும் எண்டா நான் கண்ணப் பொத்திக்கிட்டாவது போகோணும்."

"அப்ப சம்பல்?"

"அது என்ட பையில இருந்தாத்தானே எனக்காகக் காத்து நிப்பீங்க!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒருவரிடமும் கதைக்கக் கூடாதென்று என்னிடமும் றிஸ்லாவிடமும் சத்தியம் வாங்கினார். இன்று எழுதுகிறேன். இனி இதனால் எந்தப் பிள்ளையின் பயணமும் நிற்காது.

ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு மையித்து வீட்டில் பெண்கள் மிஞ்சினோம். றிஸ்லா என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுடைய தங்கை இந்த வருடம்தான் முதன்முதலாக வர இருக்கிறாள். உம்மாமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் றிஸ்லாவின் உம்மா கேட்டுவிட்டார்:

"டீச்சரும் இல்ல. இனிப் புள்ளைகளுக்குப் பின்னால ஆர் மிஸ் வாற?"

ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி முழுவதும் குடித்தேன்.

"நான் வாறன்" என்றேன். "முன்னால றிஸ்லா போவாள்."

"அப்ப அனுப்புறம்" என்றார் றிஸ்லாவின் உம்மா.

இந்த முறை குடையும் சம்பலும் என்னிடம், டீச்சர். கடைசியில் வாறன் என்று சொல்லிச் சொல்லியே இருந்தீர்கள், இப்போது எங்கள் எல்லோரையும் முந்திப் போய்விட்டீர்கள். அங்கே உங்களுக்குப் பயமில்லாத உயரத்தை அல்லாஹ் தரட்டும். கொஞ்சம் பொறுங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம்.